ஹெவி மெட்டலை வேரிலிருந்து கேட்பதும், பலர் அறியாத குழுக்களைத் தேடிப் பிடிப்பதும்

மெட்டல் கேட்க ஆசைப்பட்டுத் தொடங்கியவர்களில் பலர் ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். ஸ்ட்ரீமிங் செயலி தரும் "சிறந்த மெட்டல் பாடல்கள்" பட்டியலைப் போடுகிறார்கள். அதில் 1980-உம் 2015-உம் முன்பின்னாக வரும். நான்கு பாடல்களுக்கு நான்கு வகைக் குரல்கள். எதிலிருந்து எது வந்தது என்று தெரியாததால் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கிறது.

வகைப் பெயர்களை மனப்பாடம் செய்தும் பயனில்லை. ஒரு ஒலி எந்த ஊரில், எந்தக் கருவியில், யார் கையால் உண்டானது என்று பிடித்துக்கொண்டால் வகைகள் தாமாகப் பிரிந்து தெரியும். அதிகம் பேசப்படாத நல்ல குழுக்களிடம் போய்ச் சேரவும் அதே கயிறுதான் உதவும்.

கேட்கும் கருவி

கிட்டாரின் தடித்த தந்தி வழக்கமான சுருதியில் 82 ஹெர்ட்ஸ். மெட்டலில் அதை இன்னும் இறக்குவார்கள். சி ஷார்ப்புக்கு இறக்கினால் 69. பேஸ் கிட்டார் அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. மொபைல் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே வராது. அதில் மெட்டல் போட்டால் சிம்பலின் சீறலும் குரலின் கீறலும் மட்டும் மிஞ்சும். "சத்தமாக இருக்கிறது, இசையைக் காணோம்" என்ற புகார் பாதி நேரம் இதனால் வருவது. விலை குறைந்த வயர் இயர்போன் போதும். காதில் இறுக்கமாக உட்கார வேண்டும். ரப்பர் முனை தளர்வாக இருந்தால் கீழ் ஒலி முழுவதும் கசிந்துவிடும்.

பிறகு செயலியின் செட்டிங்ஸைத் திறந்து நான்கு வேலைகள் செய்யுங்கள். பேஸ் பூஸ்ட்டை அணையுங்கள்; அது பேஸ் கிட்டாரையும் கால் டிரம்மையும் ஒரே சேறாக்கி கிட்டாரை மூழ்கடிக்கும். ஷஃபிளையும் ஆட்டோபிளேயையும் அணையுங்கள். கிராஸ்ஃபேடைப் பூஜ்யத்தில் வையுங்கள். இல்லையென்றால் மெல்லிய முன்னுரையோடு தொடங்கும் பாடல்களின் முதல் சில நொடிகள் முந்தைய பாட்டோடு கலந்துவிடும். ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் ஆல்பம் அளவில் சமப்படுத்துமாறு வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு சமப்படுத்தினால் மெதுவான பகுதியும் வெடிக்கும் பகுதியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

ஒலியளவு விஷயத்தில் கவனம் வேண்டும். 85 டெசிபெல் என்றால் ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். கேட்டு முடித்தபின் காதில் ரீங்காரம் இருந்தால் ஒலியளவு கூடிவிட்டது என்று பொருள்.

கர்நாடக சுரத்தில் ஒரு சோதனை

ஒரு ஆர்மோனியமோ மொபைல் கீபோர்டு செயலியோ போதும். ஸ, ப இரண்டையும் ஒன்றாக அழுத்துங்கள். மெட்டலில் ஓயாமல் வரும் பவர் கார்டு இவ்வளவுதான். காந்தாரம் கிடையாது. ஏன் கிடையாது என்பதில்தான் சூட்சுமம். கிட்டார் ஒலியை டிஸ்டார்ஷனில் (ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும் முறை) செலுத்தும்போது இரண்டு சுரங்களின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாக எழும். ஸ 110 ஹெர்ட்ஸ், ப 165 ஹெர்ட்ஸ் என்று கொள்ளுங்கள். கழித்தால் 55, அது கீழ் ஸ்தாயி ஸ. யாரும் வாசிக்காத ஆழமான சுரம் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதே இடத்தில் கிட்டாரில் வரும் காந்தாரத்தைச் சேர்த்தால் கழித்து வரும் ஒலி எந்தச் சுரத்திலும் ஒட்டாமல் கரகரக்கும். அதனால்தான் மெட்டல் கிட்டார் ஸ-பவைப் பிடித்துக்கொண்டது.

அடுத்து ஸ, மேல் ஸ, பிரதி மத்தியமம் என்று மூன்றையும் மெதுவாக ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள். பிளாக் சபாத் குழுவின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டுக்கு அடிப்படை இந்த மூன்று சுரங்கள்தான். கல்யாணியில் பிரதி மத்தியமம் பஞ்சமத்தை நோக்கிச் சாய்ந்து ஆறுதல் அடையும். இங்கே அது பஞ்சமத்தில் போய் அமர்வதில்லை. அங்கேயே நடுங்கி நின்றுவிட்டு மறுபடி ஸ-வுக்கே விழுகிறது. பாட்டைக் கேட்கும்போது வரும் கலக்கத்துக்குக் காரணம் தீராத அந்த ஏக்கம்தான். மழைச் சத்தமும் மணியோசையும் பிறகு சேர்த்தவை.

ஆஸ்டன், இரண்டு விரல் நுனிகள்

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரின் ஆஸ்டன் பகுதி. பின்னாளில் பிளாக் சபாத்தில் கிட்டார் வாசித்த டோனி அயோமிக்கு 17 வயது. தகட்டுத் தொழிற்சாலையில் அன்றுதான் கடைசி நாள் வேலை. இயந்திரம் அவருடைய வலக்கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளைப் பறித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆகவே தந்தியை அழுத்தும் கை அதுதான். தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் பெரும்புகழ் பெற்ற ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ. அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருட்டினார். சால்டரிங் அயர்னால் குழி செய்து விரலுக்குத் தொப்பி ஆக்கினார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியதால் பழைய தோல் மேலங்கியிலிருந்து துண்டு வெட்டி முனையில் ஒட்டினார்.

தொப்பி போட்ட விரலுக்குத் தந்தியின் தொடுகை தெரியாது. தடித்த தந்தியை வளைக்க வலிக்கும். மெல்லிய தந்தி அப்போது எளிதில் கிடைக்காததால் பேஞ்சோ தந்திகளைக் கட்டிப் பார்த்தார். நான்கைந்து விரல் கார்டுகளை விட்டு இரண்டு சுரக் கார்டுகளை நம்பினார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் சில பாடல்களில் சுருதியை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். தந்தி தளர்ந்து விரலுக்கு இதமானது, ஒலி கனத்தது. இன்று டூம், ஸ்லட்ஜ், டெத் என்ற மெட்டல் வகைகளின் குழுக்கள் சுருதி இறக்கி வாசிப்பதற்கு வழி திறந்தது அங்கேதான்.

உலைக்களச் சத்தத்திலிருந்து மெட்டல் பிறந்தது என்று அடிக்கடி எழுதுவார்கள். ஊரில் சம்மட்டிச் சத்தம் இருந்தது உண்மை. ஆனால் அது ஊரில் எல்லாக் குழுக்களுக்கும்தான் கேட்டது. ஒலி மாறியதற்கு நேரான காரணம் அந்த விரல்கள்.

இதற்கு முன் டிஸ்டார்ஷன் இல்லாமல் இல்லை. 1958-இல் லிங்க் ரே ஸ்பீக்கரில் துளை போட்டார்; 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் ஸ்பீக்கர் காகிதத்தைக் கிழித்தார்; 1968-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் புளூ சியர் சத்தத்தின் எல்லையைத் தள்ளியது. இவை எல்லாம் விறகு. தீ பற்றியது 1969 அக்டோபரில், லண்டனின் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் அங்கே ஏறக்குறைய 12 மணி நேரத்தில், ஒரே நாளில் பதிவாகி, 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது.

முதல் வாரம்

நாளுக்கு ஒரு ஆல்பம், 40 நிமிடம். இடையில் நிறுத்தாமல், கையில் வேறு வேலை இல்லாமல் கேளுங்கள்.

முதல் நாள் அந்த 1970 ஆல்பம். இரண்டாம் நாள் கார்டிஃப் நகர மூவர் குழு பட்ஜியின் முதல் ஆல்பம், 1971. இது ஏன் இரண்டாவது என்றால், இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஒருவரே: ராஜர் பெய்ன். ஒலியைக் கூட்டிக் குழப்பாமல் அறையில் வாசித்தபடியே பிடிப்பவர். மூன்றாம் நாள் ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 'சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி', 1976. இவர்களும் பர்மிங்ஹாம் பக்கத்தவர்கள். இவர்களுடைய முதல் ஆல்பத்தைத் தயாரித்ததும் அதே பெய்ன். சபாத்தில் இருந்த புளூஸ் தளுக்கு இந்த ஆல்பத்தில் உதிரத் தொடங்குவதையும், இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று தழுவி ஓடுவதையும் கவனியுங்கள்.

நான்காம் நாளுக்கு முதலில் மோட்டர்ஹெட்டின் 'ஓவர்கில்', 1979, தலைப்புப் பாட்டு மட்டும். இரண்டு கால்களாலும் டிரம் உதைப்பது அதில் தெளிவாகக் கேட்கும். உடனே டிஸ்சார்ஜ் குழுவின் 1982 ஆல்பம், முழுதாக. இது பங்க், மெட்டல் அல்ல. ஆனால் இதைக் கேட்காமல் திராஷ் (வேகமான மெட்டல்), கிரைண்ட்கோர் (அதைவிடவும் வேகமானது), ஸ்வீடன் டெத் எதுவும் விளங்காது. வேகமும் கோபமும் வந்தது இந்தப் பக்கத்திலிருந்துதான்.

மீதி மூன்று நாட்கள் 1979-க்குப் பிறகு பிரிட்டனில் எழுந்த புதிய அலைக்கு. அயர்ன் மெய்டனை எல்லோருக்கும் தெரியும் என்பதால் லண்டனின் ஏஞ்சல் விச், 1980. பிறகு நியூகாசில் பக்கத்து வால்சென்ட்டில் இருந்த நீட் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளிலிருந்து (இசைத்தட்டு வெளியிடும் நிறுவனம்) இரண்டு: வெனம் குழுவின் 'வெல்கம் டு ஹெல்', 1981; சேட்டன் குழுவின் 'கோர்ட் இன் தி ஆக்ட்', 1983. முதலாவது முரட்டுத்தனம், இரண்டாவது நுணுக்கம். ஒரே லேபிள், இரண்டு ஆண்டு இடைவெளி. முதலாவதன் வழியில் பிளாக் மெட்டல் போயிற்று. இரண்டாவதன் கிட்டார் பாணியில் திராஷின் சாயலை இப்போதே கேட்கலாம். அதே சேட்டன் குழு அதே ஐவரோடு 2011-இல் மீண்டும் கூடி, 2013-இல் 'லைஃப் சென்டன்ஸ்' வெளியிட்டது. 30 ஆண்டு கழித்தும் அந்தக் கைகள் மழுங்கவில்லை.

இந்த ஏழு நாட்களில் எதுவும் பிடிக்கவில்லையென்றால் குரலை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு ஆல்பத்தை மறுபடி கேளுங்கள். பலருக்குக் கதவு திறப்பது அங்கேதான்.

டூம்: மெதுவாகப் போகிறவர்கள்

சபாத்தின் நேர் வாரிசு டூம். இந்தக் கிளையில் தொடங்குவதே நல்லது. மெதுவாக நடப்பதால் ஒவ்வொரு சுரமும் எங்கே விழுகிறது என்று காது பிடித்துக்கொள்ளும்.

லண்டனின் பேகன் ஆல்டர் 1978-இல் தொடங்கியது. பாடகர் டெரி ஜோன்ஸ் அப்பா, கிட்டார் வாசித்த ஆலன் ஜோன்ஸ் மகன். 1982-இல் பதிவு செய்ததை முறையான ஆல்பமாக வெளியிட 1998 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மூக்கால் பாடும் அந்தக் குரல் முதலில் விநோதமாகப் படும். 'மிதிகல் அண்ட் மேஜிகல்', 2006, ஆல்பத்தை மாலை வேளையில் இரண்டு முறை கேட்டால் அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாடல்களை நினைத்துப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் செயின்ட் வைட்டஸின் 'பார்ன் டூ லேட்', 1986. ஸ்வீடனின் கேண்டில்மாஸ் அதே ஆண்டு.

எங்களுக்கு இந்தக் கிளையில் மிக உயர்ந்ததாகத் தோன்றுவது வார்னிங் என்ற ஆங்கிலக் குழுவின் 'வாட்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்', 2006. ஐந்தே பாடல்கள். பேய், பிசாசு, போர் எதுவும் இல்லை. உறவு முறிந்த ஒருவனின் வெட்கமும் துக்கமும் மட்டும், கத்தாமல், தெளிவான குரலில். மெட்டல் என்றால் கோபம் மட்டும்தான் என்று நினைப்பவரிடம் முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான்.

இதைவிட மெதுவானது ஃபியூனரல் டூம். பின்லாந்தின் தெர்கோதான் 1994-இல் வெளியிட்ட ஒரே ஆல்பம், அதே நாட்டின் ஸ்கெப்டிசிஸம் 1995-இல் வெளியிட்ட 'ஸ்டார்ம்குரோஃபிளீட்' இரண்டும் இந்த வகையின் அடித்தளம். இரண்டாவதில் ஆர்கன் ஒலி கிட்டாரைத் தாங்குகிறது. சியாட்டிலின் பெல் விச் குழுவில் கிட்டாரே கிடையாது; பேஸும் டிரம்ஸும்தான். 2017-இல் வந்த 'மிரர் ரீப்பர்' 83 நிமிட ஒற்றைப் பாட்டு. 2016-இல் இறந்துபோன முன்னாள் டிரம்மர் ஏட்ரியன் கெராவின் குரல் பதிவை அதன் நடுவில் வைத்திருக்கிறார்கள். இந்த வகையைப் பயணத்திலோ வேலைக்கு நடுவிலோ போடாதீர்கள். பஸ் எஞ்சின் சத்தமும் இந்தக் கிட்டாரும் ஒரே கீழ் அலைவரிசையில் மோதும். பாட்டு காணாமல் போய்விடும்.

திராஷ்

மெட்டாலிகா, ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ் என்ற நான்கு பெரிய அமெரிக்கக் குழுக்களைப் பற்றி எங்கும் படிக்கலாம். அவற்றுக்குப் பக்கத்தில் இவற்றை வையுங்கள். சுவிட்சர்லாந்தின் கொரோனர், மூவர் குழு. தொடக்கத்தில் செல்டிக் ஃபிராஸ்ட் குழுவின் கருவி தூக்கும் ஆட்களாக இருந்தவர்கள். 'நோ மோர் கலர்', 1989, கேளுங்கள்; ஒரு சுரம்கூட வீணாகாது. கனடாவின் வாய்வாட், 'டைமென்ஷன் ஹாட்ரோஸ்', 1988. இவர்கள் கியூபெக்கின் ஜான்கியேரைச் சேர்ந்தவர்கள், அலுமினிய உருக்காலை ஊர். கிட்டார் வாசித்த டெனி தாமூர் மெட்டலில் வழக்கமில்லாத முரண் கார்டுகளைப் பயன்படுத்தினார். டிரம்மர் மிஷேல் லாங்ஜ்வேன் அட்டைப் படங்களையும் அவரே வரைந்தார். முதல் தடவை கேட்கும்போது ராகம் எதுவும் பிடிபடாது. மூன்றாவது தடவையில் பிடிபடும், அதற்குள் விட்டுவிடாதீர்கள்.

பிரேசிலின் பெலோ ஒரிசாண்டே நகரில் கோகுமேலோ என்ற இசைத்தட்டுக் கடையே லேபிளாகவும் ஆனது. செப்புல்ட்டூரா தொடங்கியது அங்கே. அதே லேபிளில் சார்கோஃபாகோவின் 1987 ஆல்பம் இருக்கிறது. பதிவு கரடுமுரடு, டிரம்ஸ் சில இடங்களில் தடுமாறும். ஆனால் பின்னர் நார்வேயில் எழுந்த பிளாக் மெட்டலுக்கு முன்னோடிகளில் ஒன்று இது.

டெத் மெட்டல்: ஊரைப் பிடியுங்கள்

உறுமும் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட இந்தக் கிளையில் குழுவைவிட ஸ்டூடியோவின் பெயர் அதிகம் உதவும்.

ஃபுளோரிடாவின் டாம்பாவில் மாரிசவுண்ட். அங்கே பதிவானவற்றில் டிரம்ஸின் ஒவ்வொரு உதையும் தட்டச்சுப் பொறிபோலத் துல்லியமாகக் கேட்கும். அதிகம் பேசப்படாதவற்றில் நாக்டர்னஸின் 'தி கீ', 1990. டெத் மெட்டலில் கீபோர்டைத் துணிந்து முன்னால் வைத்த ஆல்பம், டிரம்மரே பாடகர். ஏதியிஸ்ட் குழுவின் 'அன்குவெஸ்சனபிள் பிரசன்ஸ்', 1991. பேஸ் வாசித்த ராஜர் பேட்டர்சன் பதிவுக்கு முன்பே விபத்தில் இறந்தார், அவர் அமைத்த பகுதிகளை டோனி சோய் வாசித்தார். 33 நிமிடம்தான், ஜாஸ் பிடித்தவர்களுக்கு இதுவே வாசல்.

ஸ்டாக்ஹோமில் சன்லைட். அங்கே கிட்டார் ஒலி ரம்பம் மரம் அறுப்பதுபோல இருக்கும். ரகசியம் எளியது: பாஸ் எச்எம்-2 என்ற டிஸ்டார்ஷன் பெடல், அதன் நான்கு திருகுகளையும் கடைசி வரை திருப்புவது. என்டூம்ட்டை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு இணையாக கார்னேஜின் 'டார்க் ரெகலெக்ஷன்ஸ்', 1990, ஒரே ஆல்பத்தோடு நின்றது.

இரண்டு ஸ்டூடியோக்களின் ஆல்பத்தையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். "டெத் மெட்டல் எல்லாம் ஒரே மாதிரி" என்ற எண்ணம் அன்றோடு போய்விடும்.

ஸ்டூடியோ முத்திரை இல்லாத தனிப்பிறவிகளும் உண்டு. பின்லாந்தின் குவோப்பியோ ஊர் டெமிலிச், 'நெஸ்பித்தே', 1993. அந்தக் குரல் வயிற்றிலிருந்து வரும் ஏப்பம்போல இருக்கும். எந்தக் கருவியாலும் மாற்றவில்லை என்று ஆல்பத்திலேயே அச்சிட வேண்டியிருந்தது. குரலை ஒரு தாள வாத்தியமாக எண்ணிக்கொண்டு கிட்டார் பின்னலைக் கவனியுங்கள். அமெரிக்காவின் மிசூரியில் டைம்கூல், 1992, 1994 ஆண்டுகளில் இரண்டே டெமோக்கள் (மாதிரிப் பதிவுகள்); பின்னாளில் ஒரே தொகுப்பாக மறுவெளியீடு கண்டன. ஏதென்ஸின் டெட் காங்கிரிகேஷன், 'கிரேவ்ஸ் ஆஃப் தி ஆர்க்கேஞ்சல்ஸ்', 2008. நியூசிலாந்தின் அல்சரேட், 2020 ஆல்பம். ஜேமி செயின்ட் மெராட்டின் டிரம்ஸுக்காகவே.

பிளாக் மெட்டல், நார்வேக்கு வெளியே

நார்வேயில் இந்த வகை எழுந்த கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டுவிட்டது. அடையாளத்துக்கு டார்க்த்ரோனின் 1994 ஆல்பம் ஒன்று போதும்: வீட்டில், நான்கு டிராக் கருவியில் பதிவானது. ஒலி மெலிந்திருப்பது குறையால் நேர்ந்ததல்ல, விரும்பிச் செய்தது. இதைக் கேட்டு இயர்போன் பழுதாகிவிட்டதாக எண்ண வேண்டாம்.

பிறகு பிராக் நகரின் மாஸ்டர்ஸ் ஹாமர், 'ரிச்சுவல்', 1991; குழுவில் டிம்பனி முரசு வாசிப்பவர் ஒருவரும் உண்டு. ஹங்கேரியின் டார்மென்டர், அதன் பாடகர் அட்டிலா சிஹார்தான் பிறகு நார்வேயின் மேஹெம் குழுவின் 1994 ஆல்பத்தில் பாடியவர். கிரேக்கத்துக்கென்று தனி ஒலி: நார்வேயின் குளிருக்கு மாறாக, நடைபோடும் வேகமும் கனத்த ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி). ரோட்டிங் கிரைஸ்ட், வாரத்ரான் இருவரின் முதல் ஆல்பங்களும் 1993. நெக்ரோமான்டியாவில் தாளக் கிட்டாருக்குப் பதிலாக எட்டுத் தந்தி பேஸ். டோக்கியோவின் சை, ருமேனியாவின் நெகுரா புங்கெட் ('ஓம்', 2006) இரண்டும் அடுத்த படி.

இந்தக் கிளையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. சில பிளாக் மெட்டல் குழுக்கள் வெளிப்படையான நாஜிகள். சிறிய லேபிள்களின் பட்டியலில் அவையும் மற்றவற்றோடு கலந்தே இருக்கும். காசு கொடுக்கும் முன் பாடல் வரிகளையும் லேபிளின் மற்ற வெளியீடுகளையும் இரண்டு நிமிடம் பாருங்கள். நல்ல இசை வேறு எத்தனையோ இடத்தில் இருக்கும்போது அவர்களுக்குப் பணம் போக வேண்டிய அவசியமில்லை.

கிரைண்ட்கோருக்கு மீண்டும் பர்மிங்ஹாம்: நேபாம் டெத், 1987. அதற்கும் முன்பே, 1986-இல், மிச்சிகனின் கார் தொழிற்சாலை நகரான ஃபிளின்ட்டில் ரிபல்ஷன் பதிவு செய்த 'ஹாரிஃபைட்' 1989-இல்தான் வெளிவந்தது. முதலில் அதைக் கேளுங்கள். வாள், குதிரை, காவியம் பிடித்தவர்களுக்குக் கேன்சஸின் மனிலா ரோட், 'கிரிஸ்டல் லாஜிக்', 1983. கலிஃபோர்னியாவின் கிரித் உங்கோல், 'கிங் ஆஃப் தி டெட்', 1984. முற்போக்கு மெட்டலுக்கு சைக்காட்டிக் வால்ட்ஸ், 1990.

நம் பக்கம் என்றால் சிங்கப்பூரின் ருத்ரா. 1992-இல் தொடங்கிய, இந்திய வம்சாவளியினரின் குழு; டெத் மெட்டல் கிட்டாரோடு சமஸ்கிருத மந்திரங்களையும் அத்வைதத்தையும் சேர்த்து, அதை வேதிக் மெட்டல் என்று அழைத்தவர்கள். 'பிரம்மவித்யா' வரிசையில் 2005 ஆல்பத்தில் தொடங்குங்கள். பெங்களூரின் கிரிப்டோஸ் பழைய பாணி இரட்டைக் கிட்டார். அதே ஊரின் பெவர் சீ டூம். இலங்கையின் ஜெனோசைட் ஷ்ரைன்ஸ் கடும் ஒலி. மேலே சொன்னவற்றுக்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மேலும் தேட

செயலியின் "இதைப் போன்றவை" பகுதி ஏற்கெனவே பலர் கேட்டதைத்தான் மறுபடி தரும். தேட வேறு கயிறுகள் உண்டு.

மறுபாடல்கள், அதாவது ஒரு குழு பிறர் பாட்டை வாசித்தவை, மிக எளிது. மெட்டாலிகாவின் 1987 இ.பி. (ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீடு) முழுவதும் பிறர் பாடல்கள்: டயமண்ட் ஹெட், ஹோலோகாஸ்ட், கில்லிங் ஜோக், பட்ஜி, மிஸ்ஃபிட்ஸ். ஐந்து பெயர்கள், ஐந்து கதவுகள். எடின்பரோவின் ஹோலோகாஸ்ட் 1981-இல் வெளியிட்ட ஆல்பத்தை இன்னும் பலர் கேட்டதில்லை. பழைய குழுப் படங்களில் அவர்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டுகளைப் பாருங்கள். தட்டின் உள்ளே நன்றி சொல்லும் பட்டியலைப் படியுங்கள். பிடித்த ஆல்பத்தின் தயாரிப்பாளர், ஸ்டூடியோ, லேபிள் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே லேபிளில் அதற்கு இரண்டு ஆண்டு முன்னும் பின்னும் வந்தவற்றைத் தேடுங்கள். மெட்டல் ஆர்க்கைவ்ஸ் தளத்தில் லேபிள் பக்கம் திறந்தால் இது பத்து நிமிட வேலை. பிறகு பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளத்தில் பெரும்பாலும் முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டு வாங்கலாம்.

தேடும்போது அடிக்கடி தடுக்குவது ஒரே பெயர். சபாட் என்று இங்கிலாந்தில் ஒரு குழு, ஜப்பானில் ஒரு குழு. முதலாவது திராஷ், இரண்டாவது பிளாக் மெட்டல் கலந்த திராஷ். செயலிகள் சில நேரம் இரண்டையும் ஒரே பக்கத்தில் கொட்டிவிடும். ஒரே குழுவின் ஆல்பம் திடீரென்று வேறு மாதிரி ஒலித்தால் முதலில் நாட்டையும் ஆண்டையும் சரிபாருங்கள். டெத், சேட்டன், வார்னிங் போன்ற பெயர்களைத் தனியாகத் தேடினால் எதுவும் கிடைக்காது; ஆல்பம் பெயரைச் சேர்த்தே தேட வேண்டும்.

மறுவெளியீடுகளில் "ரீமாஸ்டர்" என்று போட்டிருந்தால் நல்லது என்று அர்த்தமில்லை. ஒலியை உயர்த்தும்போது டிரம்ஸின் அடி மழுங்கிவிடுவது உண்டு. புதிய ஆல்பங்களுக்கும் இந்த நோய் வரும். மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. பழைய பதிப்பும் கிடைத்தால் இரண்டிலும் ஒரே பாட்டின் ஒரு நிமிடத்தை ஒரே ஒலியளவில் ஒப்பிட்டு, ஸ்னேர் டிரம் எதில் தெறிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு இரண்டு புதிய ஆல்பங்களுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேளுங்கள். நோட்டில் ஊர், ஆண்டு, ஸ்டூடியோ, பிடித்த ஒரு ரிஃப் வரும் நிமிடம், இந்த நான்கை மட்டும் குறித்தால் போதும். ஏழெட்டு வாரத்தில் ஒரே ஊரோ ஸ்டூடியோவோ இரண்டாம் முறை எழுத நேரும். அடுத்து அங்கே போங்கள்.